பாலத்தடி விளக்கும் மச்சாளின் அரசியலும்

என் மச்சாள் வேல்ஸில் ஒரு சின்ன ஊரின் கவுன்சிலர். மாமாவின் மகள், என்னைவிட நாலு வயது மூத்தவள். பள்ளிக்கூடத் தண்ணீர்க் குழாய்க்கு முன்னால் வரிசையில் நிற்கச் சொல்லி மற்றப் பிள்ளைகளை அதட்டியவள் அவள். அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இப்போது கணவரோடு சேர்ந்து ஒரு கடை நடத்துகிறாள். முன்பு நிலக்கரி தோண்டிய பள்ளத்தாக்கு அது. கடையின் மூலையில் ஒரு தபால் கவுண்டர் இருக்கிறது. முத்திரை வாங்க வருகிற சனம் குறையும் சொல்லிவிட்டுத்தான் போகும். குறை கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த் தேர்தலில் நின்றதாக அவள் சொல்வாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் நின்றாள் என்று நான் சொல்வேன். மச்சாள்மாருக்குள் இந்த அளவு சலுகை உண்டு.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள். மொன்றியலில் எனக்குக் காலை, வேல்ஸில் அவளுக்குப் பின்னேரம். சுகம் விசாரிப்பது ஒரு நிமிடம். மிச்சமெல்லாம் அந்த ஊரின் குப்பைத் தொட்டி, பஸ், உடைந்த நடைபாதை. வேல்ஸ் முழுக்கக் குடியிருப்புத் தெருக்களில் வாகன வேகத்தை மணிக்கு இருபது மைலாகக் குறைத்த காலத்தில் மச்சாள் அதை ஆதரித்துப் பேசிவிட்டு, கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் ஏச்சு வாங்கினாள்.

"ஊரே திட்டுதெண்டா ஏன் மச்சாள் பிடிச்ச பிடியிலை நிக்கிறியள்?" என்று கேட்டேன்.

"ஒருத்தன் மூண்டு மாசம் கடைப்பக்கம் வரேல்லை. பேந்து மகளுக்குப் பாசல் அனுப்ப வேண்டி வந்திட்டுது, வந்து நிண்டான். நானும் சிரிச்சுக்கொண்டு நிறுத்துக் குடுத்தன். அவன் இன்னும் என்னோடை உடன்பாடில்லை. ஆனா எங்கடை பள்ளிக்கூட வாசலிலை மெல்லமாத்தான் ஓட்டுறான். எனக்கு அது காணும்" என்றாள்.

பாதுகாப்பைப் பற்றி அவளுக்கு ஒரு தனிக் கொள்கை இருந்தது. அந்த ஊர்த் தெருவில் முதலில் வங்கியைப் பூட்டினார்களாம், பிறகு மதுக்கடையை, பிறகு தேவாலயத்தை. "ஒவ்வொண்டு பூட்டேக்கையும் தெருவிலை ஒரு வெளிச்சம் குறைஞ்சது. இப்ப சனம் வந்து பொலிஸைக் கூட்டு எண்டு கேக்குது. பொலிஸ் வாறது நடந்தாப் பிறகு. நடக்காமல் பாக்கிறது வெளிச்சமும் ஆள் நடமாட்டமும்தான். பயத்துக்குப் பூட்டுப் போடக்கூடாதடி, லைட் போட வேணும்" என்பாள். அதனால்தான் தன் கடையை எட்டு மணிவரை திறந்து வைக்கிறாளாம், வியாபாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

நான் வெங்காயம் உரித்துக்கொண்டு ஓம், ஓம் என்று அரைக் காதால் கேட்பேன். வேல்ஸில் விளக்கு எரிந்தால் எனக்கென்ன, எரியாவிட்டால் எனக்கென்ன. மொன்றியலுக்கு வந்த நாளிலிருந்து நான் ஒரு சபைக் கூட்டத்துக்கும் போனதில்லை. தேர்தலுக்கு வீட்டுக்கு வரும் துண்டுப் பிரசுரங்களை மரக்கறித் தோல் போட வைத்துக்கொள்வேன்.

அந்த மார்கழியில் கீழ்வீட்டுக்காரி பாலத்தடியில் விழுந்தாள்.

நாங்கள் இருப்பது மொன்றியல் தீவின் வடக்குப் பக்கம். செயின்ட்-மிஷேலில் முன்பு இருந்தேன், இப்போது இருக்கிற இடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. எங்கள் பகுதிச் சபையில் இருப்பவர்கள் நல்லவர்கள், பெயர் சொல்லி அவர்களைச் சந்திக்கு இழுக்க எனக்கு விருப்பமில்லை. வெளியே வளைந்து ஏறும் இரும்புப் படி வைத்த மூன்று மாடி வீட்டில் நான் மேலே, அவள் கீழே. மன்னாரிலிருந்து வந்தவள், என்னைவிட இளையவள், என்னை அக்கா என்பாள். கணவன் ஸ்பொன்சர் செய்து கூப்பிட, இங்கே வந்து நாலு வருடம். நானும் அவளும் புவாண்ட்-கிளேரில் ஒரே கிடங்கில் பெட்டி கட்டும் வேலை செய்தோம். போக இரண்டு பஸ், ஒரு மெட்ரோ. பஸ் தரிப்புக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவே ரயில் பாதை போகிறது. அதற்குக் கீழாக ஒரு நடைபாதை. பகலில் அது ஒரு சாதாரண பாலம். மார்கழியில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். சுவரில் விளக்குகள் இருந்தன என்பது உண்மை, அவற்றில் பாதிக்கு மேல் எரியவில்லை என்பதும் உண்மை.

அன்று நான் பல் வைத்தியரிடம் போனதால் வேலைக்குப் போகவில்லை. அவள் தனியாகத் திரும்பி வந்தாள். பாலத்தடியின் நடுவில் எவனோ பின்னால் வந்து கைப்பையைப் பறித்திருக்கிறான். இவள் விடவில்லை. இழுபறியில் பனிக்கட்டியில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. பையில் இருந்தது ஒரு சாப்பாட்டுப் பெட்டி, ஒரு செபமாலை, பஸ் அட்டை. "செபமாலை எண்டபடியா விடேல்லை அக்கா" என்று ஆஸ்பத்திரியில் சொன்னாள். அவன் அதையும் கொண்டு ஓடிவிட்டான்.

பொலிஸ் வந்தது, எழுதியது, போனது. மச்சாள் சொன்னதுபோல நடந்தாப் பிறகு.

அடுத்த கிழமை அவளுடைய கணவன் படியேறி வந்து என் குசினியில் இருந்தான். நல்ல மனிதன். உணவகத்தில் சமையல் வேலை, பின்னேரம் போனால் சாமத்தில்தான் வருவான். அவளைக் கூட்டிவரவும் முடியாது, வேலையை விடவும் முடியாது.

"அக்கா, இனி அவ வேலைக்குப் போகத் தேவையில்லை. கை சுகமானாலும் வீட்டிலை இருக்கட்டும். எனக்கு இதயம் தாங்காது" என்றான்.

"அவ என்ன சொல்லுறா?"

"அவ என்ன சொல்லுறது. பயந்து போய் இருக்கிறா."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "களவெடுத்தவன் வெளியிலை, பறிகுடுத்தவள் உள்ளுக்கையோ? பாலம் செய்த பிழைக்கு மனிசிக்கோ தம்பி மறியல்?" என்று கேட்டுவிட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அவனைத் திட்டி என்ன பயன், பயம் அவனுக்கும்தானே.

கிடங்கில் மேற்பார்வையாளர் அவளுடைய இடத்தை மார்ச் முடியும்வரை வைத்திருப்பதாகச் சொன்னார். அதற்குப் பிறகு வேறு ஆள். அந்த வேலை அவளுக்கு என்ன என்று எனக்குத் தெரியும். இந்த நாட்டில் கணவனின் பெயர் சொல்லாமல் அவள் நுழையக்கூடிய ஒரே கதவு அது. அங்கே அவளுக்கென்று ஒரு பெயரட்டை, ஒரு லாக்கர், பகிடி விட மூன்று ஹெய்ட்டிப் பெண்கள். பிரெஞ்சு வகுப்பில் படித்ததையெல்லாம் அவர்களிடம்தான் பேசிப் பார்ப்பாள். கீழ்வீட்டில் அடைந்து கிடந்தால் அவள் கருவாடாய்க் காய்ந்துவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது.

ஆகவே விளக்குப் போட வைப்பது என்று தீர்மானித்தேன். எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன். நகரத்துக்குப் போன் எடுத்தால் அது ரயில் கம்பனியின் பாலம் என்றார்கள். ரயில் கம்பனி, பாலம்தான் தங்களுடையது, கீழே இருக்கும் பாதை நகரத்துடையது என்றது. கடைசியில் ஒருவர் இரக்கப்பட்டு, எங்கள் பகுதிச் சபைக்கு ஒரு மனு கொடுக்கச் சொன்னார். பெயர், விலாசம், கையெழுத்து.

கையெழுத்து வாங்குவதில் எனக்குத் திறமை உண்டு என்று அன்றைக்கு நினைத்தேன். வெள்ளிக்கிழமை கோயில் பூசைக்குப் போனேன், ஞாயிறு அவளுடைய தேவாலயப் பூசை முடியும் நேரம் வாசலில் நின்றேன், தெருவில் தமிழ் வீடுகளின் மணியெல்லாம் அடித்தேன். எங்கள் சனம் கையெழுத்து விஷயத்தில் இரண்டு வகை. ஒரு வகை வைக்கவே வைக்காது. ஊரில் சண்டை நேரம், பட்டியலில் பெயர் இருந்ததால் ஆட்களைக் கூட்டிப்போன காலத்தைப் பார்த்தவர்கள் அவர்கள். "ஏன் பிள்ளை எங்கடை பேர் ஒரு கடுதாசியிலை கிடக்க வேணும்?" என்று கேட்டு, அன்பாக வடை தந்து அனுப்பினார்கள். மற்ற வகை தாராளமாக வைக்கும். வீட்டுத் தலைவர் பேனையை வாங்கி, "வீட்டிலை ஏழு பேர், ஏழையும் நானே வைக்கிறன்" என்று மளமளவென்று எழுதிவிடுவார். ஊரில் அரிசிக் கூப்பன் அட்டைக்கும் கிராமத்து விதானையாரின் கடிதத்துக்கும் அப்படித்தானே வைத்தார்கள். குடும்பம் என்றால் ஒரு கை.

நான் அதைத் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. தாள் நிரம்ப நிரம்ப எனக்குப் புளுகம், தலைகால் தெரியாத சந்தோஷம். கோயில் கூட்டத்தில் தயங்கி நின்ற இரண்டு பெண்களுக்கு நானே எழுதியும் விட்டேன், "பரவாயில்லை, நான் வைக்கிறன்" என்று. கீழ்வீட்டிலும் அப்படித்தான். அவளுடைய வலது கை பிளாஸ்டரில் இருந்தது. கணவன் இரண்டு பேருக்கும் வைத்துத் தந்தான். அவள் உள்ளறையில் இருந்தாள். அவளைக் கூப்பிடக்கூட இல்லை நான்.

தை மாதக் கடைசியில் மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நல்ல சேலைக்கு மேல் குளிர்ச்சட்டை, கையில் மட்டை போட்ட கோப்பு. சபை அலுவலகத்தில் இருந்த பெண் மரியாதையாக ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். மூன்றாவது தாளில் விரல் நின்றது. நாலாவதில் நின்றது. பிறகு எதிரே இருந்த கதிரையைக் காட்டி என்னை இருக்கச் சொன்னாள். இருக்கச் சொன்னாலே விஷயம் கெட்டது என்று அர்த்தம்.

"மடாம், இந்த ஏழும் ஒரே கை. இந்த ஐந்தும் ஒரே கை. இது..." என்று சொல்லி என்னைப் பார்த்தாள். நான் எழுதிக் கொடுத்த இரண்டு பெயர்கள். என் முகம் நெருப்பாகக் காய்ந்தது. அவள் என்னைக் கள்ளி என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம். ஒவ்வொருவரும் தன் கையால் வைத்தால்தான் எடுக்கலாம், இதை இப்படியே சபைக்கு வைத்தால் உங்களுக்குத்தான் கேடு என்று சொல்லி, கோப்பை மூடி என் பக்கம் தள்ளினாள். மாதாந்தக் கூட்டத்தில் பொதுமக்கள் கேள்வி கேட்கலாம் என்றும் சொன்னாள். நான் அதைக் காதில் வாங்கவில்லை. பஸ்ஸில் வரும்போது வெட்கத்தில் அழுதேன்.

அந்த ஞாயிறு மச்சாளிடம் சொன்னேன். ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். தன் முதலாவது தேர்தலில் வேட்புமனுத் தாளில் தன் கணவர் இதையேதான் செய்யப் பார்த்தாராம், அவளுடைய கையெழுத்தையும் சேர்த்து.

"சிரிச்சது காணும் மச்சாள். நான் இஞ்சை வெக்கத்திலை சாகிறன்."

"சரி சரி. ஒண்டு கேக்கிறன் சொல்லு. விழுந்தவளின்ரை கையெழுத்து அதிலை இருக்கோ?"

"இருக்கு. மனிசன் வைச்சவர்."

"அப்ப இல்லை" என்றாள் மச்சாள். "நடக்கிறவள் அவள், விழுந்தவள் அவள், வேலை போகப்போறது அவளுக்கு. கோயிலிலை நிண்ட சனத்திட்டையெல்லாம் கேட்டிருக்கிறாய், அவளிட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லை. உன்ரை மனு விளங்குமோடி?"

சுருக்கென்று தைத்தது. கணவன் அவளைக் கேட்காமல் வீட்டில் இருத்தினான் என்று அவனைத் திட்டினேனே, நான் மட்டும் என்ன செய்தேன்? அவளைக் கேட்காமல் அவளுக்காக ஊரைக் கூட்டினேன்.

மச்சாள் தொடர்ந்தாள். "பயமாயிருக்கு, இருட்டாயிருக்கு எண்டு சபையிலை சொன்னா எல்லாரும் பாவமெண்டு தலையாட்டுவாங்கள். தலையாட்டினா லைட் எரியாது. விளக்குக்கு விளக்கு இலக்கம் ஒட்டியிருக்கும், அதைப் பாத்து எழுதிக்கொண்டு போ. ஏன் எண்டு கேளாதை, எப்ப எண்டு கேள். நான் இவ்வளவு நாளிலை படிச்ச அரசியல் இவ்வளவுதான்." பிறகு, "இஞ்சை வேல்ஸிலை சட்டப்படி இருக்கிற வெளிநாட்டுக்காரருக்கும் உள்ளூர்த் தேர்தலிலை வோட்டு இருக்கு. உங்கை குடியுரிமை இல்லாத அவளுக்கு வோட்டில்லை. ஆனா வாய் இருக்குத்தானே?" என்றாள்.

அன்று பின்னேரமே கீழே போனேன். பிளாஸ்டர் வெட்டிவிட்டார்கள். கை மெலிந்து, தோல் உரிந்து இருந்தது. அவள் ஒரு மென்மையான பந்தைப் பிசைந்துகொண்டிருந்தாள், வைத்தியர் சொன்ன பயிற்சி. மனுவில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவளுடைய பெயரும் அந்தக் கள்ளக் கையெழுத்துகளில் ஒன்று என்றும் சொன்னேன்.

"எனக்கு அப்பிடி ஒரு மனு இருந்ததெண்டே வடிவாத் தெரியாது அக்கா" என்றாள்.

"அது என்ரை பிழை. இப்ப கேக்கிறன். நீர் என்ன சொல்லுறீர்? வேலைக்குப் போக விருப்பமோ, இல்லையோ?"

பந்தை மூன்று நாலு தரம் பிசைந்தாள். "விருப்பம். பயமும் இருக்கு. ரெண்டும் இருக்கு அக்கா. பயத்தைப் பற்றித்தான் எல்லாரும் கேக்கினம். விருப்பத்தைப் பற்றி இப்பதான் ஒராள் கேக்குது."

மாசியில் ஒரு நாள் மாலை ஆறு மணிக்கு இரண்டு பேரும் பாலத்தடிக்குப் போனோம். இருட்டு, காற்று முகத்தை அறுத்தது. அவள் வாயிலில் நின்றுவிட்டாள். உள்ளே கால் வைக்கவில்லை. மூச்சு புகையாய் வந்து வந்து போனது. நான் கையைப் பிடிக்கப் போனேன். பிடிக்காதேங்கோ என்பதுபோலத் தலையை ஆட்டினாள். எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது, என் கால் விரல்கள் மரத்துப் போயின. தலைக்கு மேலே ஒரு சரக்கு ரயில் முழுவதும் கடந்து போனது. அது போன பிறகு அவள் நடந்தாள். நான் இரண்டடி பின்னால்.

மச்சாள் சொன்னது சரி. ஒவ்வொரு விளக்குக்கும் கீழே சின்னத் தகட்டில் இலக்கம் இருந்தது, உப்பும் சேறும் படிந்து. நான் கையுறையால் துடைத்துத் துடைத்துப் போன் வெளிச்சத்தில் வாசித்தேன். அவள் ஒரு கொப்பியில் எழுதினாள். வலது கை நோகுதென்று இடது கையால் எழுதினாள். எட்டு விளக்கில் ஐந்து எரியவில்லை. பறித்த இடத்துக்கு நேர் மேலே இருந்தது அதில் ஒன்று. அந்த இலக்கத்தை எழுதும்போது மட்டும் பென்சிலை வலது கைக்கு மாற்றினாள்.

கூட்டம் மார்ச் தொடக்கத்தில், ஒரு செவ்வாய் மாலை. அன்று கணவனுக்கு ஓய்வு நாள். "நானும் வாறன் அக்கா" என்று சட்டையெல்லாம் அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு வந்தான். முதலில் அவன், "வோட்டில்லாத எங்களை அங்கை ஆர் மதிக்கப்போகினம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவன்தான். வாசலில் ஒரு மேசை. கேள்வி கேட்கிறவர்கள் பெயரைப் பதிய வேண்டும். மேசையில் இருந்தவர் தாளையும் பேனையையும் நீட்டினார். முன்னுக்கு நின்றது கணவன், அதனால் பேனை அவனுடைய கைக்குப் போனது. அவனும் பழக்கத்தில் குனிந்து எழுதத் தொடங்கினான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், அவன் கள்ளமாக ஒன்றும் செய்யவில்லை, மூச்சு விடுகிற மாதிரி அது அவனுக்கு. முதல் எழுத்து விழுந்துவிட்டது. நான் வாயைத் திறக்கப் போனேன். என்னைக் கடந்து ஒரு கை வந்தது.

"இஞ்சாருங்கோ, அதைத் தாங்கோ" என்றாள் அவள்.

மெதுவாகத்தான் சொன்னாள். அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான், பிறகு பேனையைக் கொடுத்தான். அவள் அவன் போட்ட எழுத்தை ஒரு கோட்டால் வெட்டிவிட்டு, பக்கத்தில் தன் பெயரை எழுதினாள். எழுத்துகள் வரியை விட்டு மேலே ஏறிப் போயின. பின்னால் நின்றவர்கள் பொறுமையாக நின்றார்கள். எனக்குக் கண் கலங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன்.

உள்ளே எங்களுக்கு முன்னால் பனி அள்ளுவதைப் பற்றி ஒருவர், நாய்ப் பூங்காவைப் பற்றி ஒருவர். பிறகு அவளுடைய பெயர். பெயரைச் சரியாக உச்சரிக்க முடியாமல் தலைவர் தடுமாறினார். இவள் எழுந்து மைக்குக்கு முன்னால் போய், முதலில் தன் பெயரைச் சரியாகச் சொல்லிக் காட்டினாள். அது எங்கள் திட்டத்தில் இல்லை. பிறகு வகுப்பில் படித்த பிரெஞ்சில், சின்னச் சின்ன வசனங்களாக, கொப்பியைப் பார்த்துச் சொன்னாள். நான் வேலைக்கு நடந்து போகிறேன். பாலத்தடியில் எட்டு விளக்கு. ஐந்து எரியவில்லை. ஐந்து இலக்கத்தையும் ஒவ்வொன்றாக வாசித்தாள். இந்த விளக்குக்குக் கீழே நான் விழுந்தேன். எப்போது எரியும்?

எங்கள் வட்டாரத்துக் கவுன்சிலர் பதில் சொன்னார். இளம் பெண், சைக்கிள் தலைக்கவசம் மேசையில் இருந்தது. உண்மையாகவே வருந்தினார். ரயில் கம்பனியோடு பேச வேண்டியிருக்கிறது, ஆராய வேண்டியிருக்கிறது, வசந்தத்தில் பார்க்கலாம் என்றார். நன்றி சொல்லி உட்கார வேண்டிய இடம் அது. இவள் உட்காரவில்லை.

"எப்போது?" என்றாள் மறுபடியும்.

"வசந்தத்தில்."

"மடாம், மொன்றியலில் வசந்தம் எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. எனக்கு மார்ச் முடிய வேலை போய்விடும். திகதி சொல்லுங்கள்."

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. நாய்ப் பூங்காக்காரர் கைதட்டினார். கவுன்சிலரும் சிரித்துவிட்டார், ஆனால் பக்கத்தில் இருந்த அதிகாரியிடம் குனிந்து நிறைய நேரம் கதைத்தார். பிறகு நிமிர்ந்து ஒரு திகதி சொன்னார். மார்ச்சின் கடைசி வெள்ளிக்கிழமை. இவள் அதைக் கொப்பியில் எழுதினாள். எழுதி முடியும்வரை முழுச் சபையும் காத்திருந்தது.

வீட்டுக்கு வந்து உடனே மச்சாளுக்குப் போன் எடுத்தேன், அங்கே நடுச்சாமம் தாண்டிவிட்டது என்பதையே மறந்து. அவள் நித்திரைக் குரலில் கேட்டுவிட்டு, "என்ரை வசனத்துக்கு மேலாலை போயிட்டாள். என்ரை ஊரிலை இருந்தா அடுத்த முறை எனக்கெதிரா நிண்டு வெல்லுவாள்" என்றாள். அதில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது, நான் மச்சாளை அறிவேன்.

அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை ஏணி வைத்த லொறி ஒன்று வந்தது. ஐந்தில் நாலு விளக்கு எரிந்தது. ஒன்று எரியவில்லை, அதுவும் அவள் விழுந்த இடத்துக்கு மேலே இருந்தது. உள்ளே கம்பி அழுகிவிட்டதாம். திங்கட்கிழமை அவள் வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள். கணவன் முதல் நாள் மாலை வேலைக்குப் போகுமுன் மேலே வந்து, "அக்கா, நீங்களும் கூட வருவியள்தானே" என்று ரகசியமாகக் கேட்டான். வேலைக்குப் போக வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை, அதைக் கவனித்தேன். நான் அவளுக்கு, ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கக் கீழே வந்து நிற்கிறேன் என்று செய்தி அனுப்பினேன். அவள் ஓம் என்று அனுப்பினாள்.

திங்கள் விடியக்காலம் சொன்ன நேரத்துக்கு இரும்புப் படியால் இறங்கினேன். கீழ்வீட்டில் விளக்கு இல்லை. கதவைத் தட்டினேன், சத்தம் இல்லை. நித்திரையாகிவிட்டாளோ, மனம் மாறிவிட்டாளோ, கணவன் மறித்துவிட்டானோ. திரும்பத் திரும்பத் தட்டிவிட்டுப் பாலத்தடியால் தனியே நடந்தேன். மூன்று விளக்கு வெளிச்சம், பிறகு அந்த ஒரு துண்டு இருட்டு, பிறகு மறுபடி வெளிச்சம். அந்த இருட்டில் எனக்கே கால் வேகமாகப் போனது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

பஸ் தரிப்பில் அவள் நின்றாள். தொப்பியை இழுத்து மூடி, புதுக் கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு. ஓடிப்போய்த் திட்டினேன்.

"ஏன் நிக்கேல்லை? நான் எவ்வளவு பயந்திட்டன் தெரியுமோ? கூட வாறன் எண்டு சொன்னனான்தானே!"

"கோவிக்காதேங்கோ அக்கா" என்றாள். இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது அவளுக்கு. "நீங்கள் வந்திருந்தா நீங்கள் கூட்டிக்கொண்டு வந்ததா இருக்கும். நாளையிலை இருந்து சேந்து போவம். இண்டைக்கு மட்டும் நானே வைக்க வேணும்போலை இருந்தது."

கையெழுத்தைப் போல அவள் காலடியைச் சொன்னாள். தெருமுனையில் பஸ்ஸின் விளக்குத் தெரிந்தது. அவள் கையுறையைக் கழற்றி, பைக்குள்ளிருந்து அந்தக் கொப்பியை எடுத்தாள்.

"அந்த ஒண்டு இன்னும் எரியேல்லை அக்கா. அடுத்த கூட்டம் எப்ப?"

நான் திகதியைச் சொன்னேன். வலது கையால் எழுதிக்கொண்டாள்.